கேட்டறியும் கல்வி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ் விழா மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேச முன்வந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகின்றோம். இயலும் இசையும் நாடகமும் முழங்க வேண்டிய இடத்தில் இயந்திரத்தின் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் யாம் பேசப் புகுவது இயந்திரத்தைப் பற்றியன்று, கற்பதைப் பற்றி, அதனினும் சிறப்பாக, தெரியாததைத் தெரிந்தாரிடம் கேட்பதைப் பற்றி. கேள்வி என்பதற்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த மொழியிலே இப்பொருளைப் பேசுவது முறையாகாது என்று எவரும் கூறார்.

நாம் வாழும் இத்திருவனந்தபுரம் தமிழர்க்குப் புதிய ஊர் அன்று. மனோன்மணீயம் நாடகத்தை 1891 இல் வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இந்நகரின் கல்லூரியிலேதான் மாணவர்க்குப் பாடம் சொன்னார். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெருவிலே தமிழ் வணிகரின் குரல் இன்றும் ஒலிக்கின்றது. நம் முன்னோர் மூட்டை சுமந்தும், துலாக்கோல் பிடித்தும், அடுப்பெரித்தும், அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தும் இவ்வூரில் வேரூன்றினர். இன்று நம் பிள்ளைகளின் பார்வை சாலையிலிருந்து கழக்கூட்டத்தை நோக்கித் திரும்பியுள்ளது. அங்கே 1990 இல் தோன்றிய டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்னும் பெயர் பெற்றது. அங்குள்ள வேலைகளுள் பலவற்றிற்குக் கணிப்பொறி நிரல் எழுதும் ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலை அடையப் புறப்படும் நம் பிள்ளைகளுக்கு முதற்படியிலே கைகொடுப்பார் யார்? இதுவே இன்று யாம் உங்கள் முன் வைக்கும் வினா.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகின்றோம். நம் குடியிருப்பிலே ஒரு பெண். பெயர் வேண்டா. தந்தை கடைத்தெருவில் சிறு வாணிகம் செய்பவர். தாய் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டினார். அப்பெண் கணிப்பொறிப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். முதல் திங்களிலேயே ஒரு பயிற்சி கொடுத்தனர்: ஐந்து பாடங்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காணும் ஒரு சிறு நிரல். பத்துப் பன்னிரண்டு வரிதான். எழுதி இயக்கினாள்; ஓடவில்லை. எட்டாம் வரியில் பிழை என்றது பொறி. எட்டாம் வரியை எழுத்தெண்ணிப் பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. அழித்து எழுதினாள், மீண்டும் எட்டாம் வரியில் பிழை. முதல் இரவு போயிற்று. இரண்டாம் இரவு போயிற்று. மூன்றாம் இரவும் போயிற்று. நான்காம் நாள் காலையில் தாயிடம், "அம்மா, இந்தப் படிப்பு எனக்கு வராது; கட்டிய பணத்தைத் திரும்பத் தருவார்களா என்று கேளுங்கள்" என்றாள்.

அன்று மாலை, அண்டை வீட்டிற்கு மருமகளாய் வந்து கழக்கூட்டத்தில் பணிபுரியும் பெண்ணொருத்தி தற்செயலாய் அவ்வழி வந்தாள். அழுத முகத்தைக் கண்டு செய்தி கேட்டாள். திரையைப் பார்த்தாள். "எட்டாம் வரியைப் பார்க்காதே தங்கச்சி, அதற்கு மேல் வரியைப் பார்" என்றாள். ஏழாம் வரியிலே திறந்த அடைப்புக்குறி ஒன்று மூடப்படாமல் நின்றது. மூடும் குறியை எதிர்பார்த்துப் பொறி அடுத்த வரிக்குள் சென்று, அங்கே தடுமாறி, அவ்விடத்தைச் சுட்டிக்காட்டியிருக்கின்றது. ஒரு குறியைச் சேர்த்தாள், நிரல் ஓடிற்று. மூன்று இரவும் தாயின் சங்கிலியும் ஒரு வளைகோட்டிலே தொங்கிக் கொண்டிருந்தன.

பின்னர் யாம் அப்பெண்ணிடம், "ஏனம்மா, கல்லூரியிலே ஆசிரியரைக் கேட்டிருக்கலாமே?" என்றோம். அவள் கூறிய மறுமொழி எம் நெஞ்சைத் தைத்தது. "கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அதுவும் எந்த மொழியில் கேட்பது? வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம். என் ஐயம் எந்த மொழியில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை" என்றாள்.

அன்பர்களே! அறிவுக் குறையால் அப்பெண் தோற்கும் நிலைக்கு வரவில்லை. கேட்க ஆளின்மையால், கேட்கும் மொழியின்மையால், கேட்க நாணியமையால் அந்நிலைக்கு வந்தாள். நம் குடியிருப்புகளிலே இவ்வாறு சொல்லாமல் படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ! அவர்களை மனத்திற் கொண்டே இவ்வுரையை நிகழ்த்துகின்றோம்.

முதலிலே பெற்றோர் ஒன்றை உணர்தல் வேண்டும். நிரல் எழுதும் தொழிலிலே பிழை என்பது இழுக்கன்று, அன்றாட உணவு. மனிதனிடம் நாம் பேசும்போது ஒரு சொல் தவறினும் அவன் கருத்தறிந்து கொள்கின்றான். கணிப்பொறிக்கு அவ்விரக்கம் இல்லை. புள்ளி ஒன்று பிறழ்ந்தாலும் அது நின்றுவிடும். இருபது ஆண்டு பழகியவர் எழுதும் நிரலும் முதன்முறையிலே பிழையின்றி ஓடுவது அரிது. 1947 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் பெருங்கணிப்பொறி கோளாறுற்றபோது, அதனுள்ளே அகப்பட்ட ஒரு விட்டிற்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டிலே ஒட்டி வைத்தனர். பொறியியலார் கோளாற்றைப் பூச்சி என்று கூறும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. அன்று உண்மைப் பூச்சியே அகப்பட்டது. அப்பூச்சி ஒட்டிய ஏடு இன்றும் அந்நாட்டுக் காட்சியகத்திலே போற்றப்படுகின்றது. பிழையை மறையாது ஏட்டில் ஒட்டி வைத்தவர்களே இத்துறையின் முன்னோடிகள். ஆதலால், பிள்ளை பிழையோடு வந்து நிற்கும்போது, "எதற்கும் உதவாதவன்" என்று பெற்றோர் சொல்லுதல் அறியாமையாகும்.

இனி, கற்பவனுக்குத் துணை எங்கிருந்து வரும்? இதற்கு விடை தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 13 ஆம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தி முனிவர், தம் நூலின் பாயிரத்திலேயே பாடம் கேட்கும் முறையை வகுத்துள்ளார். அவர் கூறும் கணக்கு வியப்பிற்குரியது. ஆசிரியர் சொன்னதை நன்கு உட்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்கு அறிவே என்கின்றார். தன்னொடு பயிலும் தோழரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே நிரம்பும். ஆசிரியர் கால், தோழர் கால், பிறர்க்கு உரைத்தல் அரை. இலக்கணம் கற்பார்க்கு அவர் கூறிய இக்கணக்கு, கணிப்பொறி கற்பார்க்கும் கடுகளவும் பிசகாமல் பொருந்துகின்றது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

முதற்கால், ஆசிரியர். இவ்வகையிலே கேரள மண்ணில் வாழும் நாம் பேறு பெற்றவர்கள். இம்மாநில அரசு பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்ப 2001 இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே 2017 இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. 2018 இல் அந்நிறுவனம் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்களை உயர்நிலைப் பள்ளிகளிலே அமைத்தது. எட்டாம் வகுப்பிலே திறனறி தேர்வு ஒன்று நடத்தி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அசைபடம், நிரலாக்கம், மின்னணுக் கருவிகள், இணையப் பாதுகாப்பு முதலியவற்றை அங்கே செய்து பழகலாம். நிரல் கற்பிக்க ஸ்க்ராட்ச் என்னும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், வண்ணக் கட்டைகளை அடுக்குவது போல் அடுக்கி நிரல் அமைக்க உதவுவது அது. அடைப்புக்குறி மறந்து அல்லற்படும் தொல்லை அதில் இல்லை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், எட்டாம் வகுப்பிலே இத்தேர்வை எழுதுமாறு பிள்ளைகளை ஊக்குதல் வேண்டும். "நமக்கு எதற்கு?" என்று ஒதுங்குதல் கூடாது.

ஆசிரியரிடம் கேட்பதற்கும் ஒரு முறையுண்டு. வைத்தியரிடம் சென்று, "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி வாளாவிருந்தால் அவர் என் செய்வார்? எங்கே வலி, எப்போது தொடங்கியது, என்ன உண்டாய், என்ன மருந்து குடித்தாய் என்று கேட்பார் அல்லவா? அது போலவே, "என் நிரல் ஓடவில்லை" என்பது வினா அன்று, புலம்பல். வினாவிற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று நம் பிள்ளைகள் நினைவிற் கொள்க.

ஒன்று, யான் செய்ய எண்ணியது யாது? "ஐந்து மதிப்பெண்ணின் சராசரி காண எண்ணினேன்."

இரண்டு, யான் எழுதியது யாது? நிரலை உள்ளவாறே காட்டுதல் வேண்டும். நினைவிலிருந்து திருத்தி எழுதிக் காட்டினால் பிழையும் அதனோடு மறைந்துவிடும்.

மூன்று, நிகழ்ந்தது யாது? பொறி கூறிய பிழைச்செய்தியை ஓர் எழுத்தும் விடாமல் எடுத்துக் கூறுதல் வேண்டும். "ஏதோ சிவப்பாய் வந்தது" என்பது பயன்தராது.

நான்கு, யான் முயன்றது யாது? "எட்டாம் வரியை மூன்று முறை திருத்தி எழுதினேன், மாற்றமில்லை."

இந்நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கும்போதே பாதி ஐயம் தீர்ந்துவிடுதலை அனுபவத்தில் காண்பீர்கள். நீண்ட நிரலாயின் பிழைக்குத் தொடர்பில்லாத வரிகளை ஒவ்வொன்றாய் நீக்கி, பிழை மட்டும் எஞ்சுமாறு சுருக்கிக் காட்டுதல் இன்னும் நன்று. உமியை நீக்கி அரிசியை நீட்டுவது போன்றது அது.

பிழைச்செய்தியைக் கண்டு அஞ்சுதலும் வேண்டா. பைத்தான் என்னும் நிரல்மொழி, கீடோ வான் ரோசம் என்னும் நெதர்லாந்து அறிஞர் 1991 இல் வெளியிட்டது. இன்று தொடக்க மாணவர் பலர் இதனையே முதலிற் பயில்கின்றனர். இம்மொழியில் பிழைச்செய்தி பல வரிகளாய் நீண்டு வரினும், முதலில் படிக்க வேண்டியது கடைசி வரியையே. பிழை இன்னது என்பது அங்கேதான் இருக்கும். நேம் எரர் என்று வந்தால், பொறி அறியாத பெயர் ஒன்றைக் கூறிவிட்டோம். எழுத்துப் பிழையோ என்று பார்க்க வேண்டும். சின்டாக்ஸ் எரர் என்று வந்தால் இலக்கணம் பிறழ்ந்தது. சுட்டிய வரியையும் அதன் மேல் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இண்டென்டேஷன் எரர் என்று வந்தால் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி ஒழுங்காய் இல்லை என்பது பொருள். நம் அண்டை வீட்டுப் பெண் மூன்று இரவு அல்லற்பட்ட அடைப்புக்குறிப் பிழையைக் கூட, 2021 இல் வெளிவந்த பைத்தான் 3.10 முதலாக, "இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை" என்று பொறியே தெளிவாய்ச் சொல்லிவிடுகின்றது. அவள் பயன்படுத்தியதோ பழைய பதிப்பு. கருவியைச் செய்தவர்களே தொடக்க மாணவரின் துன்பம் அறிந்து திருத்தியுள்ளனர் என்பதை எண்ணும்போது ஆறுதல் பிறக்கின்றது.

இரண்டாம் கால், தோழர். நிரலாக்க உலகிலே ஒரு பெரும் நல்வழக்கம் உண்டு. முன்பின் அறியாதவரும் கைம்மாறு கருதாது ஒருவர்க்கொருவர் உதவுகின்றனர். கட்டற்ற மென்பொருள் இயக்கம் இதற்குத் தக்க சான்று. எழுதிய நிரலைப் பூட்டி வைக்காமல், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் விடுவது அவ்வியக்கத்தின் கொள்கை. அதன் தலைவர் ரிச்சர்டு ஸ்டால்மன் 2001 சூலையில் இந்நகருக்கே வந்து, அவ்வியக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். இம்மண்ணிற்கு அத்தொடர்பு உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று. தமிழ்நாட்டிலும் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் கூடிப் புதியோர்க்கு வழிகாட்டி வந்துள்ளன. அவ்வாறு உதவுவோரிடம் "ஏன் உதவுகின்றீர்?" என்று கேட்டால், "எமக்கும் ஒருவர் உதவினார்" என்பதே பெரும்பாலும் விடையாயிருக்கும்.

உதவி பெறுவோர்க்கும் கடமையுண்டு. கிடைத்த விடையால் ஐயம் தீர்ந்ததாயின், "இவ்வாறு தீர்ந்தது, நன்றி" என்று சொல்லுதல் வேண்டும். அஃது அடுத்து வரும் ஒருவனுக்கு விளக்காகும். உதவுவோர்க்கும் ஒரு நெறி உண்டு. நன்னூலார் ஆசிரியராகத் தகாதவரைக் கூறும்போது பனைமரத்தையும் வளைந்த தென்னையையும் உவமை காட்டுகின்றார். தானாய்ப் பழம் உதிர்த்தால் ஒழிய, நெருங்கி வந்து பறிப்பார்க்கு இடங்கொடாதது மடற்பனை. நீர் வார்த்தவன் முற்றத்தில் காய் உதிர்க்காமல் அடுத்தவன் முற்றத்தில் உதிர்ப்பது முடத்தெங்கு. தென்னை சூழ்ந்த இந்நாட்டில் இவ்வுவமைக்கு உரை வேண்டா. நம் குடியிருப்பின் நீரிலே வளர்ந்து கழக்கூட்டத்தில் உயர்ந்த இளைஞர்கள், நம் முற்றத்திலும் சில காய்களை உதிர்த்தல் வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கின்றோம்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல். "என் ஐயம் எந்த மொழியில் இருக்கிறது?" என்று அப்பெண் கேட்டாள். நாம் கூறும் விடை இது: ஐயம் எம்மொழியில் எழுந்ததோ அம்மொழியிலேயே கேட்கத் தொடங்குக. வீட்டிலே தமிழில் சிந்திக்கும் பிள்ளை தமிழிலே கேட்கட்டும். நிரல்மொழியின் ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் சிலவே. அவற்றைக் கருவிகளின் பெயர்போல் கற்றுக்கொள்ளலாம். கருத்து தெளிந்தபின் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் கேட்பது எளிதாகும். பைத்தானின் மூன்றாம் பதிப்பிலே, எண்ணை இட்டு வைக்கும் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் சூட்டலாம். "மொத்தம்" என்றும் "சராசரி" என்றும் பெயரிட்டு எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு, தான் எழுதுவது இன்னதென்று ஒளிவிடும். கட்டளைகளே தமிழில் அமைந்த எழில் என்னும் நிரல்மொழியையும் முத்து அண்ணாமலை என்னும் தமிழர் உருவாக்கியுள்ளார். திரையில் ஒன்றைக் காட்ட அதில் "பதிப்பி" என்று எழுதினாற் போதும். வேலைக்குச் செல்ல அது மட்டும் போதாது. ஆயின் நிரல் என்பதன் உயிர் யாது என்பதைத் தாய்மொழியிலே கண்டுகொள்ள அஃது உதவும். 2012 இல் தொடங்கிய கணியம் என்னும் இதழும் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதிவருகின்றது. தமிழிலே துணையில்லை என்னும் குறை இன்று முன்போல் இல்லை.

இந்நாளிலே புதிய துணையொன்றும் தோன்றியுள்ளது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதலாக, கேட்ட நொடியில் நிரலையே எழுதித் தரும் பொறிகள் நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. இவை சிரிப்பதில்லை, சினப்பதில்லை, நள்ளிரவிலும் விடை கூறுகின்றன, தமிழிலும் கூறுகின்றன. நாணத்தால் வாய் திறவாத பிள்ளைக்கு இஃது ஒரு பெருந்துணையே. ஆயினும் இரண்டு எச்சரிக்கை. இப்பொறிகள் தவறான விடையையும் தயங்காமல் கூறும்; ஆதலால் இயக்கிப் பாராமல் எதையும் நம்பலாகாது. மற்றொன்று, விடையை மட்டும் பெயர்த்தெழுதும் மாணவன், நன்னூலார் கூறும் இல்லிக்குடத்தை ஒப்பான். எவ்வளவு ஊற்றினும் ஓட்டை வழியே ஒழுகிவிடும். பசுவைப் போல் மேய்ந்ததை அசைபோடுபவனே நல்ல மாணவன். எனவே, "எழுதிக் கொடு" என்று கேளாமல், "என் பிழை எங்கே? ஒரு குறிப்பு மட்டும் சொல், ஏன் இவ்வாறு நிகழ்ந்தது என்று விளக்கு" என்று கேட்கப் பழகுதல் வேண்டும். தேர்வறையிலும் நேர்காணலிலும் அப்பொறி பக்கத்தில் அமராது.

மூன்றாவதாக வரும் அரைப்பங்கு, பிறர்க்கு உரைத்தல். இதுவே யாம் இன்று மிகவும் வற்புறுத்த விரும்புவது. ஆண்டி ஹன்ட், தேவ் தாமசு என்னும் இருவர் 1999 இல் வெளியிட்ட நூலொன்றிலே ஒரு வேடிக்கையான வழியைக் குறித்தனர். மேசைமேல் ஒரு ரப்பர் வாத்துப் பொம்மையை வைத்து, நம் நிரலை வரிவரியாய் அதற்கு விளக்கிச் சொன்னால், சொல்லும்போதே பிழை நமக்குப் புலப்பட்டுவிடும் என்பது அவ்வழி. வாத்திற்கு உரைத்தாலே இவ்வளவு பயன் உண்டெனில், தம்பிக்கும் தங்கைக்கும் உரைத்தால் எவ்வளவு பயன்! இம்மாநில லிட்டில் கைட்ஸ் மாணவர் 2022 இல் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பைப் பற்றிப் பயிற்சி அளித்தனர். பிள்ளைகள் ஆசிரியராயினர், அன்னையர் மாணவராயினர். கற்பித்த பிள்ளை கற்றதில் உறுதி பெற்றது. பவணந்தியாரின் அரைப்பங்கு இதுவே.

யாம் முன்னர்க் கூறிய பெண்ணின் செய்தியை முடிக்கவில்லை. அவள் படிப்பை விடவில்லை. அண்டை வீட்டு அக்காவின் திண்ணையிலே கிழமைதோறும் ஒரு மணி நேரம் அமர்ந்தாள். அந்த அக்கா ஒரு நாளும் அவள் கணிப்பொறியைத் தாம் தொட்டுத் திருத்தியதில்லை, "நீயே தேடு, எந்த வரி என்று மட்டும் சொல்கிறேன்" என்பார். இன்று அப்பெண் இறுதியாண்டு பயில்கின்றாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே திண்ணையில் நான்கு சிறுவர்க்கு அவளே சொல்லித் தருகின்றாள். அடகு வைத்த சங்கிலி இன்னும் மீளவில்லை. ஆயினும் மீளும் என்னும் நம்பிக்கை அவ்வீட்டில் இருக்கின்றது.

ஒரு திண்ணை செய்த வேலையை நம் சங்கம் செய்யலாகாதா? இம்மேடையிலே ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். சங்கத்தின் படிப்பகத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் திறந்து வைப்போம். மின்விளக்கும் நான்கு நாற்காலியும் போதும். பயன்படாது வீட்டிற் கிடக்கும் பழைய மடிக்கணினிகள் இரண்டைக் கொடுப்பார் கொடுத்தால், கைட் நிறுவனம் எவரும் விலையின்றிப் பயன்படுத்தத் தந்துள்ள லினக்ஸ் இயங்குதளத்தை அவற்றில் ஏற்றிக்கொள்ளலாம். கல்லூரியிற் பயில்வோர் பள்ளியிற் பயில்வோர்க்கும், பணிபுரிவோர் கல்லூரியிற் பயில்வோர்க்கும் துணையாக அமரட்டும். கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை.

அவ்விடத்திற்கு மூன்று விதிகள் போதும். "இதுகூடத் தெரியாதா?" என்னும் சொல் அவ்வறையிலே ஒலித்தல் ஆகாது. உதவுபவர் கற்பவரின் விசைப்பலகையைத் தொடுதல் ஆகாது. தீர்ந்த ஐயம் ஒவ்வொன்றையும், பிழை இன்னது, தீர்ந்த வகை இன்னது என்று தமிழிலே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். ஓராண்டு சென்றால் அக்குறிப்பேடே நம் குடியிருப்பின் நிரலாக்க நூலாகும். மார்க் 2 பொறியின் குறிப்பேட்டிலே பூச்சியை ஒட்டினர். நாம் நம் பிழைகளை ஒட்டுவோம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். நிரல் உங்களுக்குத் தெரியாது என்பதால் உங்களால் உதவ இயலாது என்று எண்ணற்க. பிள்ளை பிழையோடு அமர்ந்திருக்கும்போது அருகில் அமர்ந்து, "என்ன செய்ய நினைத்தாய்? எனக்கு விளங்கச் சொல்" என்று கேளுங்கள். அப்பிள்ளை உங்களுக்கு விளக்கும்போதே விடை பிறக்கும். மேலைநாட்டார் வாத்துப் பொம்மைக்குக் கொடுத்த இடத்தை நம் வீட்டில் அன்னைக்கும் பாட்டிக்கும் கொடுப்போம். மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி என்று பாராது, மாலை நேரத்துச் சமையலறை வேலையிலிருந்து மகளையும் ஒரு மணி நேரம் விடுவியுங்கள்.

இளைய தோழர்களே! கேட்பவன் சிறியவன் அல்லன்; கேளாது வாடுபவனே இழப்பவன். உங்கள் முன்னோர் இவ்வூர்க்கு வந்தபோது வழி தெரியாமல், மொழி புரியாமல், கேட்டுக் கேட்டே கடைத்தெருவையும் கோட்டையையும் கரமனையையும் அறிந்தனர். கேட்க அவர்கள் நாணியிருந்தால் நாம் இன்று இங்கே கூடியிருக்க மாட்டோம். நீங்களும் கேளுங்கள், கிடைத்ததைப் பிறர்க்குக் கொடுங்கள்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் படிப்பகத்தின் கதவு திறந்திருக்கும் என்று சங்கத்தார் இசைந்தருள்வார்களாக. திறக்கும் கதவின் முன் முதல் ஐயத்தோடு வந்து நிற்கும் பிள்ளையை வரவேற்க யாம் அங்கிருப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!